பஞ்சு, செம்மண், எண்ணெய்: கார் இன்ஜின் பகுதியை வீட்டிலேயே சுத்தம் செய்த பதிவு

பானட்டைத் திறந்தவுடன் ஹோஸ் பைப்பைத் தேடுவதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. கொங்குப் பக்கம் ஓடும் வண்டிகளில் சேரும் அழுக்கு பெரும்பாலும் காய்ந்த அழுக்கு. சோமனூர், பல்லடம், திருப்பூர் பக்கமென்றால் தறியிலிருந்தும் மில்லிலிருந்தும் பறக்கும் பஞ்சு. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கமென்றால் தேங்காய் நார்த் தூள். எங்கே போனாலும் செம்மண் புழுதி. இந்த மூன்றும் எண்ணெய்க் கசிவு இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் பட்டதும் பஞ்சு நனைந்து அடையாகிவிடும், புழுதி சேறாகிவிடும். அந்தச் சேறு கனெக்டர் இடுக்குக்குள்ளும் ரேடியேட்டர் கண்ணுக்குள்ளும் இறங்கிக் காய்ந்துவிட்டால், முன்பு ஊதினால் பறந்திருக்கக்கூடியதை அப்புறம் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே முதலில் காய்ந்த வேலை. அதை முழுசாக முடித்த பிறகே ஈர வேலை. இந்த வரிசை மாறாமல் இருந்தால், ஒரு காரின் இன்ஜின் பகுதி முழுவதற்கும் 4 லிட்டர் தண்ணீரே தாராளம்.

இந்தப் பதிவில் உள்ள வண்டி 9 வருடம் ஓடிய, 4 சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். சோமனூர்ப் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டிய தகரச் செட்டில் நிற்பது. செட்டுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம். இன்ஜின் பகுதி ஒரு தடவைகூடச் சுத்தம் செய்யப்படவில்லை. குறை என்று சொல்லப்பட்டது இரண்டு: சிக்னலில் நின்றால் ஏசி குளிர்ச்சி குறைகிறது, வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது லேசாக எண்ணெய் கருகும் வாசம் வருகிறது. இரண்டுமே அழுக்கோடு தொடர்புள்ள குறைகள்.

எப்போது செய்வது என்பதற்கு ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி அடிக்கும்போது செய்தால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். காற்று அடங்கிய பிறகு, ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் செய்வது நல்லது. பூஜைக்கு முந்தின ராத்திரி அவசரமாகக் கழுவி, ஈரம் காயாமல் காலையில் கிளப்பி, வண்டி உதறுகிறது என்று மெக்கானிக்கைத் தேடுவது வருடா வருடம் நடக்கிறது. டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவம்) வாடை போகாத பானட்டுக்குப் பக்கத்தில் சூடம் கொளுத்துவதும் வேண்டாம்.

சில வண்டிகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அங்கே காய்ந்த துணித் துடைப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிஎன்ஜி கிட் உள்ள வண்டியில் ரெடியூசர் (கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் பாகம்), கேஸ் இன்ஜெக்டர் ரெயில் உள்ள பக்கத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டாம். ஆம்னி, ஈக்கோ போன்றவற்றில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் மேலிருந்து தெளிக்கும் வேலையே கிடையாது. ஈரத் துணியும் பிரஷ்ஷும் மட்டும்தான்.

எடுத்து வைத்துக்கொண்ட சாமான்கள்

1 லிட்டர் ஸ்பிரே பாட்டில் 2. ஒன்றில் டீகிரீசர், ஒன்றில் தண்ணீர். 1 இஞ்ச் பெயின்ட் பிரஷ் 2, பழைய டூத் பிரஷ் 2. பெயின்ட் பிரஷ்ஷின் தகரப் பட்டையைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். பேட்டரி பக்கம் அந்தத் தகரம் பட்டால் தீப்பொறி பறக்கும், பெயின்ட்டில் பட்டால் கீறும். துடைக்க அரைக் கிலோ பனியன் வேஸ்ட். பனியன் வேஸ்ட்டிலும் தேர்வு உண்டு: கத்தரித்த துணித் துண்டுகளை வாங்க வேண்டும், அதுவும் பருத்தி. பாலியஸ்டர் கலந்தது எண்ணெயை உறிஞ்சாது, இழுத்துப் பூசும். நூல் வேஸ்ட் வேண்டவே வேண்டாம். அதன் இழை போல்ட் தலையில் சிக்கி, காற்றில் பறந்து, கடைசியில் பெல்ட்டிலோ ஃபேனிலோ சுற்றிக்கொள்ளும்.

மூடுவதற்குப் பாலித்தீன் கவர், ரப்பர் பேண்டு, சமையலறை அலுமினியத் தாள். 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், சாக்கெட். மென்மையான பிரஷ் முனை உள்ள வேக்குவம் கிளீனர். ரப்பர் கையுறை, கண்ணாடி, மாஸ்க். தென்னை ஈர்க்குச்சி பத்து. பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை ஒரு முழம். பொள்ளாச்சி நார்மில்லில் கிடைக்கும் நார்க் கழிவு ஒரு சாக்கில் கால்வாசி. கடைசி மூன்றின் உபயோகம் பின்னால் வரும்.

டீகிரீசர் தண்ணீர் கலக்கும் வகையாக இருக்கட்டும். சாதாரண அழுக்குக்கு 1:10, அதாவது 45 மில்லி டீகிரீசருக்கு 450 மில்லி தண்ணீர். கெட்டியான எண்ணெய் அடைக்கு 1:4, அதாவது 100 மில்லிக்கு 400 மில்லி. டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சரி. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாயத் தொழிலும் பிளீச்சிங்கும் உள்ள ஊர்களில் காஸ்டிக் சோடா சுலபமாகக் கைக்கு வரும். எண்ணெய்ப் பிசுக்கை அது சட்டென்று எடுக்கவும் செய்யும். ஆனால் அலுமினியத்தையும் அது கரைக்கும். இன்ஜின் ஹெட், ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) உடல், ஏசி கம்ப்ரஸர், கண்டென்சர் (ஏசி கேஸைக் குளிரவைக்கும் பாகம்) எல்லாம் அலுமினியம். ஒரு தடவை பட்டாலே கறுத்தோ வெளுத்தோ மங்கிப்போகும். கண்டென்சரின் மெல்லிய தகடுகள் அரித்துப்போகும். போன நிறம் திரும்பாது. வீல் கழுவும் ஆசிட்டுக்கும் இதே கதிதான்.

தண்ணீர்

போர் தண்ணீர்தான் இங்கே பெரிய வில்லங்கம். சூடாகும் உலோகத்தின் மேல் அந்தத் தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டாகப் படியும். திட்டு அசிங்கம் மட்டுமில்லை, கனெக்டர் மூட்டில் படியும் உப்பு ஈரம் பட்டால் மின்சாரம் கடத்தும், பச்சைக் களிம்பு பிடிக்கும். டீகிரீசர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடென்றால் அதுவே போதும். இல்லையென்றால் பிடித்து வைத்த மழைத் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், அல்லது வீட்டு ஏசியின் வடிநீர். ஏசி வடிநீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ராத்திரி முழுக்கப் பக்கெட்டில் பிடித்தால் இந்த வேலைக்கு ஆகிவிடும், தூசி போக ஒரு துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். இதையே பேட்டரிக்கு ஊற்றக் கூடாது, பேட்டரிக்குக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். ஆர்ஓ மெஷினில் வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் சிக்கனம் என்று வண்டி கழுவ எடுப்பார்கள். அது போர் தண்ணீரைவிட உப்பு கூடினது. வாசல் தெளிக்க வைத்துக்கொள்ளலாம், இன்ஜினுக்கு வேண்டாம்.

காய்ந்த வேலை: காலை 6.30 முதல் 8.15 வரை

வண்டி முந்தின நாள் மாலையிலிருந்து நின்றதால் இன்ஜின் சுத்தமாக ஆறியிருந்தது. ஓட்டிவந்த வண்டியென்றால் குறைந்தது 2 மணி நேரம் ஆற விட வேண்டும். சூட்டில் டீகிரீசர் தெளித்த வேகத்தில் காய்ந்து கறையாகும். இரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.

முதல் வேலையாகப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினல் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி வைக்கப்பட்டது. நிறைய வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் சாவி எடுத்த பிறகும் திடீரென்று சுற்றும். கையை உள்ளே விட்டுச் செய்யும் வேலைக்கு இந்த ஒரு காரணமே போதும். ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் கேட்கும் வண்டியென்றால் எண்ணை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பானட்டின் உள்பக்கத்துச் சத்தத் தடுப்பு மெத்தையைப் பார்த்ததில் ஒரு மூலை குதறியிருந்தது. பேட்டரித் தட்டுக்குப் பின்னால் எலிக்கூடு. பஞ்சு, நார், ஒரு பிஸ்கட் உறை. கூட்டை வெறுங்கையால் பிய்க்கக் கூடாது, காற்றடித்தும் கலைக்கக் கூடாது. எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கிருமிநாசினிக் கரைசலைக் கூட்டின் மேல் மட்டும் நன்றாகத் தெளித்து 5 நிமிடம் ஊறவிட்டு, கையுறை மாஸ்க்கோடு எடுத்துப் பையில் கட்டிப் போட வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைசல் அலுமினியத்தையும் வயர் முனையையும் அரிக்கும், அதைத் தவிர்க்கவும். முதலில் காய்ந்த வேலை என்ற வரிசைக்கு இது ஒரு விதிவிலக்கு.

கூட்டை எடுத்ததும் பக்கத்து வயர்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் வாஷர் மோட்டார் வயர் ஒன்றின் உறை 2 சென்டிமீட்டர் கடிபட்டிருந்தது, செம்பு தெரிந்தது. கழுவும் முன்னாலேயே சூடு பட்டால் சுருங்கும் குழாய் போட்டு மூடியாயிற்று. அதைக் கவனிக்காமல் தண்ணீர் அடித்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், காரணம் தேட அரை நாள் ஆகியிருக்கும். எலிக்குப் புகையிலைக் கட்டு தொங்கவிடும் பழக்கம் இங்கே நிறைய. எக்ஸாஸ்ட் மேல் அவிழ்ந்து விழாதபடி கட்டாவிட்டால் அது புகையும். நாப்தலின் உருண்டை வாசம் ஏசி காற்று வழியாக நேராக உள்ளே வரும். ராத்திரி பானட்டைத் திறந்து வைத்து நிறுத்துவது பார்வைக்கு ஒருமாதிரி இருந்தாலும் பலன் உண்டு, இருட்டும் கதகதப்பும் இல்லாத இடத்தில் எலி கூடு கட்டாது.

அடுத்தது வைப்பருக்கு அடியில் உள்ள தொட்டி. மழைத் தண்ணீர் கண்ணாடியிலிருந்து இறங்கி இந்தத் தொட்டி வழியாக இரு ஓரத்து வடிகால் ஓட்டையில் போகும். வேப்பிலை, புங்க இலை என்றால் கையால் அள்ளிவிடலாம். புளிய இலைதான் மோசம். பொடிப்பொடியாக ஓட்டைக்குள் இறங்கி மக்கி அடைத்துவிடும். தண்ணீர் தேங்கி ப்ளோயர் வழியாகக் காலடி மிதியடிக்கு வந்தால், எங்கேயோ ஓட்டை என்று தேடுவார்கள். இங்கே இரண்டு கைப்பிடி மக்கு எடுக்கப்பட்டது. வலப்பக்க வடிகால் முழுசாக அடைத்திருந்தது. வளையும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டை மெதுவாக விட்டுக் குத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிச் சக்கரத்துக்குப் பின்னால் வடிகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பி வேண்டாம், உள்ளே ரப்பர் குழாய் இருந்தால் கிழியும்.

இனி ரேடியேட்டர். ஏசி குறைக்குக் காரணம் இங்கேதான் இருந்தது. காரில் முன்னால் கண்டென்சர், அதற்குப் பின்னால் ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளியில் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் ஃபேன். முன்னாலிருந்து வரும் காற்றோடு பஞ்சு கண்டென்சரின் தகடுகளுக்குள் நுழைகிறது. கொஞ்சம் அங்கே தங்கும். நுழைந்து வந்தது ரேடியேட்டரின் முன்முகத்தில் போர்வை மாதிரி படியும். முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும், பின்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டரும் சுத்தமாகத் தெரியும். அழுக்கு இரண்டுக்கும் நடுவில். வண்டி ஓடும்போது காற்று வேகத்தில் சமாளிக்கும். சிக்னலில் நின்றால் ஃபேன் இழுப்பதுதான் காற்று, அது போர்வையைத் தாண்டி வராது. கேஸ் அழுத்தம் ஏறி, ஏசி கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓட ஆரம்பிக்கும். கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்துக் கேஸ் ஏற்றினால் அழுத்தம் இன்னும்தான் ஏறும்.

மேல் பிளாஸ்டிக் மூடியைக் கிளிப் எடுத்துக் கழற்றி, ரேடியேட்டரின் மேல் பிடிப்பு இரண்டில் இருந்த 10 மில்லிமீட்டர் போல்ட்களைக் கழற்றியதும், ரேடியேட்டர் இன்ஜின் பக்கமாக 3 சென்டிமீட்டர் சாய்ந்தது. ஹோஸ் எதையும் கழற்றவில்லை. அதற்கு மேல் சாய்த்தால் ஹோஸ் கழுத்து விரியும். கண்டென்சரை ரேடியேட்டர் மேலேயே மாட்டியிருக்கும் வண்டிகளில் சாய்த்தும் இடைவெளி கூடாது. அங்கே ஓரத்து ஸ்பாஞ்சு பட்டையை நீக்கிப் பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

இடைவெளியில் பிளாஸ்டிக் பட்டையை விட்டு மேலிருந்து கீழாகக் கோதியதும் பஞ்சு பாய் மாதிரி சுருண்டு வந்தது. அதிகம் ஒட்டியிருந்த இடத்தில் பட்டை முனையில் பனியன் துண்டு சுற்றி இழுத்தால் வந்துவிடும். பிறகு வேக்குவம் கிளீனரின் பிரஷ் முனையைத் தகடுகளின் போக்கிலேயே, குறுக்கே இழுக்காமல், மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். குறுக்கே இழுத்தால் தகடு மடங்கும், மடங்கிய இடத்தில் காற்று போகாது. உள்ளே சிக்கிய இழைக்கும் மடங்கிய தகட்டை நிமிர்த்தவும் ஈர்க்குச்சியை மிஞ்சினது இல்லை. ஊசியோ ஸ்குரூ டிரைவரோ கைதவறினால் ஏசி கேஸ் போகும் குழாயில் ஓட்டை விழும், ஈர்க்குச்சி தான் முறியுமே தவிரக் குழாயைக் குத்தாது. கடைசியாகக் காற்று. காற்றடிக்கும் கம்ப்ரஸரில் அழுத்தம் 30 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம், ஒரு அடி தள்ளி, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊத வேண்டும். பஞ்சு நுழைந்த வழியிலேயே திரும்ப வர வேண்டும். முன்னாலிருந்து ஊதினால் இன்னும் உள்ளே போகும். இந்த இடத்துக்கு மட்டும் 50 நிமிடம் பிடித்தது. எடுத்த பஞ்சு ஒரு தலையணை உறையில் பாதி.

ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க இதுவே சமயம். காகித ஃபில்டரைத் தட்டி, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக லேசாக ஊதலாம், கழுவக் கூடாது. நார்த் தூள் படிந்து மடிப்பே தெரியாமல் போயிருந்தால் மாற்றிவிடுவது மேல்.

மூடுதல்

காற்றுக் குழாயின் வாய், ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், இன்ஜின் கம்ப்யூட்டர், இக்னிஷன் காயில்கள், டிப் ஸ்டிக் தலை, ஆயில் மூடி, பிரேக் ஆயில் டப்பா, ஹாரன். ஆல்டர்னேட்டர் கீழே ஒதுங்கியிருக்கும், அதன் உடலில் காற்றுப் போக ஜன்னல் மாதிரி திறப்புகள் இருக்கும், மேலே அடிக்கிற அழுக்குத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் சொட்டும். வளைந்த இடத்துக்கு அலுமினியத் தாள் நன்றாகப் படியும். ஆனால் அது மின்சாரம் கடத்தும், பேட்டரி பக்கம் கொண்டு போகாமல் அங்கே பாலித்தீன் மட்டும். எத்தனை மூடினோம் என்று எண்ணி வைத்துக்கொள்வது முக்கியம். இங்கே 9. திரும்ப எடுக்கும்போது 9 வர வேண்டும்.

ஈர வேலை: 8.30 முதல் 9.30 வரை

வண்டிக்கு அடியில் பழைய பிளெக்ஸ் விரித்து, அதன் மேல் நார்க் கழிவைப் பரப்பியாயிற்று. சொட்டும் எண்ணெய்த் தண்ணீரை அது குடித்துக்கொள்ளும். வாசல் சாக்கடைக்கோ தென்னை மரப் பாத்திக்கோ அந்தத் தண்ணீர் போகக் கூடாது. எண்ணெய் குடித்த நார்க் கழிவையும் தோட்டத்தில் கொட்டாமல், பழைய ஆயில் வாங்குகிற பட்டறையில் அவர்களுடைய எண்ணெய்க் கழிவோடு சேர்த்து ஒப்படைப்பதுதான் முறை.

வண்டி நிழலில் இருக்கட்டும். இன்ஜின் பகுதியை நான்காகப் பிரித்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும். டீகிரீசரைக் கீழிருந்து மேலாகத் தெளிக்க வேண்டும். மேலிருந்து தெளித்தால் வழிந்த கோடு கீழே கறையாகத் தங்கும். 3 முதல் 5 நிமிடம் ஊற விட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, காயும் முன்பே எடுத்துவிட வேண்டும். கனெக்டர் உள்ள பக்கம் நேராகத் தெளிக்காமல் பிரஷ்ஷில் நனைத்துத் தேய்ப்பது பாதுகாப்பு. அலசுவதற்கும் ஸ்பிரே பாட்டில்தான், ஒரு பகுதிக்கு 300 மில்லி. தெளித்த கையோடு பனியன் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துணி கறுத்ததும் மாற்றுங்கள், கறுத்த துணி அழுக்கை இடம் மாற்றுமே தவிர எடுக்காது. இரண்டாம் தடவை அலசிய துணியில் சோப்பு வழவழப்பு இல்லையென்றால் அந்தப் பகுதி முடிந்தது. டாப்பெட் கவரை (இன்ஜினின் மேல் மூடி) சுற்றி 1:4 கரைசல் இரண்டு முறை தேவைப்பட்டது, மற்ற இடத்துக்கு 1:10 ஒருமுறை போதுமானதாக இருந்தது.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்களுக்கு: கனெக்டர் ரப்பர் சீல்கள் தண்ணீரில் முங்கினால் தாங்கும் தரத்தில் இருக்கலாம். முங்குவது வேறு, 100 பார் அழுத்தத்துக்கு மேல் வரும் பீச்சு வேறு. ஐபி 67 என்ற தரக் குறி 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்குவதற்கான சோதனை, பீச்சுக்கான சோதனை அதில் இல்லை. பீச்சு சீலை மடக்கித் தண்ணீரை உள்ளே தள்ளும், அதே சீல் பிறகு அதை வெளியே விடாது. பானட் மெத்தையையும் நனைக்க வேண்டாம். அது குடித்த தண்ணீர் இரண்டு மூன்று நாள் சொட்டும். வேக்குவம் மட்டும் போதும்.

டீசல் வாஷ் பற்றி

வாட்டர் சர்வீஸில் விட்டால் ‘இன்ஜினுக்கு டீசல் அடிச்சுறலாமுங்களா?’ என்று கேட்பார்கள். அடித்த அன்றைக்கு இன்ஜின் கண்ணாடி மாதிரி மினுங்கும். பரவலான பழக்கம் என்பதாலேயே இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. கூலன்ட் ஹோஸ்களும் பெல்ட்டும் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். அந்த ரப்பர் சூட்டையும் தண்ணீரையும் நன்றாகத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது. ஊறி, உப்பி, மெத்தென்று ஆகிவிடும். கையால் அமுக்கிப் பார்த்தால் புது ஹோஸுக்கும் டீசல் குடித்த ஹோஸுக்கும் வித்தியாசம் தெரியும். பெல்ட் வழுக்கிக் கீச்சிடும். மீந்த டீசல் படலம் எக்ஸாஸ்ட் சூட்டில் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். இதையெல்லாம் தாண்டி, நம் ஊர்க் காற்றில் அந்தப் படலம் ஒரு பசை. ஒரு மாதத்தில் பஞ்சும் புழுதியும் ஒட்டி முன்பைவிடத் தடிமனாக நிற்கும். மினுமினுப்புக்காக டேஷ்போர்ட் பாலிஷ், தேங்காய் எண்ணெய் தடவுவதற்கும் இதே குறை உண்டு. எண்ணெய் வாசம் எலியையும் அழைக்கும்.

பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பூச்சு வேண்டுமென்றால் தண்ணீர் கலந்த, காய்ந்தால் கையில் ஒட்டாத வகை. துணியில் எடுத்துத் தேய்த்து, 10 நிமிடம் கழித்து இன்னொரு துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பெல்ட், புல்லி, எக்ஸாஸ்ட் பக்கம் ஸ்பிரேயே வேண்டாம். இந்த வண்டிக்குப் பூச்சு எதுவும் போடவில்லை.

பேட்டரி முனை

பாசிட்டிவ் முனையில் நீலமும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அது ஆசிட் ஆவியால் வரும் உப்பு. 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா ஒரு மேசைக்கரண்டி கலந்து, டூத் பிரஷ்ஷால் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக் கரையும். நுரை நின்றால் ஆசிட் தீர்ந்தது என்று அர்த்தம். மூடிகளின் காற்று ஓட்டை வழியாக சோடாத் தண்ணீர் உள்ளே போனால் பேட்டரி ஆசிட் கெடும், ஆகவே மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். துடைத்துக் காயவைத்து, கிளாம்பை முடுக்கிய பிறகு வெளியே மட்டும் வாசலின் மெல்லிசாகப் பூச வேண்டும். நெகட்டிவ் கடைசியில் மாட்டுவது.

உலர்த்தல், கிளப்புதல்

கவர்களை எடுத்து (9 வந்தது), கனெக்டர், காயில், போல்ட் குழிகளில் காற்று ஊதி, பானட் திறந்தபடி வெய்யிலில் ஒன்றரை மணி நேரம். கொங்கு வெய்யில் அதற்குப் போதும், மூட்டமான நாளென்றால் 3 மணி நேரம் வைக்க வேண்டும். கிளப்பி 15 நிமிடம் சும்மா ஓடவிட்டு, உதறல், கீச்சுச் சத்தம், எச்சரிக்கை விளக்கு எதுவும் உண்டா என்று பார்க்க வேண்டும். பேட்டரி கழற்றிய வண்டியில் ஐடிலிங் சற்று நேரம் ஏறி இறங்கும், தானே சரியாகும். பவர் விண்டோவின் ஒரே தொடுதல் வேலை செய்யாவிட்டால், கண்ணாடியை முழுசாக மேலே ஏற்றிப் பட்டனைச் சில நொடிகள் பிடித்திருந்தால் பல வண்டிகளில் திரும்ப வந்துவிடும்.

உதறினால் முதல் சந்தேகம் ஸ்பார்க் பிளக் குழி. காயிலுக்கு அடியில் அரை ஸ்பூன் தண்ணீர் தேங்கினாலே மின்பொறி பிளக்குக்குப் போகாமல் ஓரத்தில் பாயும். பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, அப்படியே 4 வரை. பி0300 என்றால் எங்கே என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது). இன்ஜினை நிறுத்தி, அந்தக் காயிலின் 10 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றித் தூக்கி, பனியன் துணியை முறுக்கித் திரி மாதிரி குழிக்குள் விட்டு ஈரத்தை எடுத்து, ஊதிக் காயவைத்து மாட்டினால் நின்றுவிடும். இன்ஜின் விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தால் ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்டுக்குப் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) பாழாக்கும், அதன் விலை சாதாரணமில்லை. இந்த வண்டி உதறவில்லை. சிக்னல் நிலைமையைப் போலவே நிறுத்தி வைத்து ஏசி 20 நிமிடம் ஓடியது, குளிர்ச்சி விடவில்லை.

கசிவைக் கண்டுபிடித்தல்

கருகல் வாசத்துக்குக் காரணம் தெரிய வேண்டும். அழுக்கு இருக்கும்வரை எண்ணெய் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியாது. காற்றில் பரவி, ஓடி, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். சுத்தமாகக் காய்ந்த பிறகு டாப்பெட் கவர் ஓரம், ஆயில் ஃபில்டர் சுற்று, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடம் ஆகியவற்றில் முகப் பவுடரைப் பஞ்சில் தொட்டு லேசாகத் தூவ வேண்டும். பெல்ட் பக்கம் வேண்டாம். பிறகு 50 கிலோமீட்டர் ஓட்டி, ஆற விட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் ஈரம் கிளம்பிய இடத்தில் பவுடர் பழுப்புக் கோடாக மாறியிருக்கும். கோட்டின் மேல் நுனிதான் கசிவு. கீழே எவ்வளவு பரவியிருக்கிறது என்பது கணக்கில்லை. பச்சையோ இளஞ்சிவப்போ பொருக்குத் தட்டியிருந்தால் அது கூலன்ட், எண்ணெய் இல்லை. டர்போ டீசலில் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் பாகம்) ஹோஸ் மூட்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் பதற வேண்டாம், இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸ் ஆவியோடு கொஞ்சம் எண்ணெய் அந்த வழியில் வருவது இயல்பு. சொட்டினால்தான் கிளாம்பைப் பார்க்க வேண்டும்.

இங்கே கோடு டாப்பெட் கவரின் பின் மூலையிலிருந்து தொடங்கி, நேராக எக்ஸாஸ்ட் பக்கம் இறங்கியிருந்தது. வாசத்துக்கு விடை அதுதான். போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முடுக்கினால் நின்றுவிடும் என்று தோன்றும். கவருக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட் இறுகிக் கல்லாகிவிட்ட பிறகு முடுக்கிப் பயனில்லை. அலுமினிய ஹெட்டில் மறை கழன்றுவிடும், இல்லாவிட்டால் கவர் கோணிக்கொள்ளும். புது கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசையாக, அந்த மாடலுக்குச் சொன்ன டார்க் (முடுக்கு விசை) அளவில் முடுக்க வேண்டும். மாற்றிய பிறகு அதே மூலையைத் துடைத்து, மறுபடி பவுடர் தூவி, இன்னொரு 100 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும்.